மாஸ்டரின் முப்பது விநாடி

கத்தரி என்பது அக்கா வைத்த பேர். அவள் நாலு மணி நேரம் படம் பிடித்துக்கொண்டு வந்தால், அதில் மூன்றே முக்கால் மணி நேரத்தைத் தம்பி ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளிவிடுவான். "பாவி, கையா அது, கத்தரியா?" என்று ஒரு நாள் வயிறெரிந்து கேட்டாள். அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது. இப்போது அவனுக்கு நாற்பது தாண்டி, முன்தலையில் பாதி காலியாகிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு அவன் கத்தரிதான்.

கம்பெனி என்று வெளியில் சொல்லிக்கொள்வார்களே தவிர, மொத்தம் மூன்று பேர். கேமரா பிடிப்பதும் கேள்வி கேட்பதும் அக்கா. வெட்டி ஒட்டுவது தம்பி. ஒலிப்பதிவு, தம்பியின் மனைவி. அவள் அக்காவை 'அண்ணி' என்று கூப்பிடுவாள். சண்டை என்றால் 'டைரக்டர் மேடம்'. அக்கா வீட்டு மாடியறைதான் ஆபீஸ். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு திரை, ஒரு கால் ஆடுகிற மேசை. மேசைக்கு முட்டுக்கொடுத்திருப்பது அக்கா வாங்கிய முதல் விருது. கனமாக இருந்ததால் அதற்குத்தான் பயன்பட்டது.

அந்த வருடம் அவர்கள் கையில் இருந்தது நீச்சல் மாஸ்டரைப் பற்றிய ஆவணப்படம். மாஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். 'அவர் எங்களுக்கு அப்பா மாதிரி' என்று சொல்ல நாற்பது பேர் முன்வந்தார்கள். மூன்று பேர் வேறு மாதிரி சொன்னார்கள். தண்ணீரைக் கண்டு பயந்து அழுகிற பிள்ளைகளை அவர் மோட்டார் ரூமில் தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார் என்றார்கள். அந்த மூவரில் முகத்தைக் காட்டிப் பேச ஒப்புக்கொண்டவள் ஒருத்திதான். இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அது நடந்தபோது தனக்கு ஒன்பது வயது என்கிறாள்.

மாஸ்டர் மறுத்தார். அந்த மோட்டார் ரூமை எப்போதோ இடித்துவிட்டார்கள். காவலுக்கு இருந்தவர் காலமாகிவிட்டார். ஆக, படத்தில் காட்ட அவள் சொல்வதும் அவர் சொல்வதும்தான் மிச்சம்.

ஏழு மாதம் வெட்டி, படம் ஒரு வடிவத்துக்கு வந்தது. ஆனால் நடுவில் ஓரிடம் நொண்டிக்கொண்டே இருந்தது. மருந்துக்கடைக்காரி அந்த இருட்டையும், மோட்டார் சத்தத்தையும், குளோரின் வாடையையும் சொல்லி முடித்ததும் கேட்பவருக்கு மூச்சு அடைக்கும். அடுத்து மாஸ்டர் வருவார். "அவங்களை உள்ள வச்சுப் பூட்டினீங்களா?" என்று அக்கா கேட்பாள். அவர் "இல்லம்மா, இல்ல" என்று தொடங்கி நாலு நிமிடம் வளவளவென்று பேசுவார். சாவி, காவல்காரர், ஆஸ்பத்திரி, யாரோ ஒரு டாக்டர். படம் அங்கே படுத்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கத்தரிக்கு ஒரு துண்டு கிடைத்தது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேசவில்லை. தலை மெல்லக் கவிழ்கிறது. தன் கைகளையே பார்க்கிறார். ஒருமுறை எச்சிலை விழுங்குகிறார். அவ்வளவுதான். அவன் அந்த நாலு நிமிடப் பேச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அக்காவின் கேள்விக்குப் பின்னால் இந்தத் துண்டைச் செருகினான். பதினோரு விநாடி மௌனம். பிறகு நீச்சல் குளத்துத் தண்ணீர்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். பார்த்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதைப் பிடித்துத் திருகினாள். சின்ன வயதில் ஏதாவது நன்றாகச் செய்தால் அவள் கொடுக்கும் பரிசு அதுதான்.

"அப்படியா உட்கார்ந்திருந்தாரு?" என்றாள்.

"உட்கார்ந்திருக்காரே, பாக்கிறல்ல?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தொலைக்காட்சிக்காரர்களுக்குப் படத்தைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. ஒலியைச் சரிசெய்ய மனைவி உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் அவளுக்கு உலகமே தெரியாது. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். பின்னால் போனாள். மறுபடி கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, இங்க ஃபிரிட்ஜ் ஓடுது."

"எங்க?"

"அவர் பேசாம இருக்கிற இடத்துல. அண்ணி கேள்வி கேக்கறப்போ ஓடல. இவர் வாயை மூடினதும் ஓட ஆரம்பிக்குது."

கத்தரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சூடாவது அவனுக்கே தெரிந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மாஸ்டர் வீட்டில், பேட்டி தொடங்கும் முன், அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வதற்காக எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொன்னது அவள்தான். அப்படிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் பேச்சுகளுக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க உதவும். எந்தப் பேட்டியிலும் அவள் செய்கிற காரியம். 'முப்பது விநாடி, யாரும் பேசாதீங்க, ஆடாதீங்க' என்றாள். மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் ஃபிரிட்ஜ் சத்தம் அவள் காதில் விழுந்தது. மாஸ்டரின் மகளிடம் சொல்லி அதை நிறுத்தவைத்தாள். அதற்கப்புறம்தான் முதல் கேள்வி.

"இது அவர் மௌனம் இல்லங்க. நான் கேட்டு வாங்கின மௌனம்," என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் சும்மா இருங்கன்னேன். மரியாதைக்கு இருந்தாரு."

"அந்தம்மா சொல்றது பொய்ன்னு நினைக்கிறியா?"

"இல்ல. நம்பறேன்."

"அப்புறம் என்ன? நாலு நிமிஷம் அவர் வளவளன்னு பேசினா, அந்தம்மா சொன்னதெல்லாம் அடிச்சுட்டுப் போயிடும். ஜனங்க கொட்டாவி விடுவாங்க."

"விடட்டும். அவர் வாயில இருந்து வார்த்தையை எடுத்துட்டு மௌனத்தை வைக்க நமக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

அவனுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். வெயில் முதுகைச் சுட்டது. அவள் பின்னாலேயே வரவில்லை. கால் மணி நேரம் கழித்து இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தாள்.

"வெட்டு என்னவோ பிரமாதம்," என்றாள். "எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துப் போச்சு."

"அக்காகிட்ட நானே சொல்றேன்," என்றான் அவன்.

அக்கா சமையலறையில் நின்றபடி கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. "என்னை நாற அடிச்சிருப்பியேடா!" என்று கையில் இருந்த கரண்டியை ஓங்கினாள். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்னைச் சொல்லி என்ன," என்றாள், குரல் இறங்கி. "கேள்வி கேட்டவ நான். அவர் உடனே பதில் சொன்னது எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பார்த்தப்பவே உள்ள ஏதோ நெருடுச்சு. நல்லா இருக்கேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

மூவரும் மாடிக்குப் போய், ஓரம் கட்டிய நாலு நிமிடத்தை உட்கார்ந்து கேட்டார்கள். வளவளப்பு என்று இத்தனை நாள் நினைத்ததை வரி வரியாகக் கேட்டபோது அதற்குள் விஷயம் இருந்தது. மோட்டார் ரூம் சாவி தன்னிடம் இருந்ததே இல்லை, காவல்காரரிடம்தான் இருக்கும் என்றார் மாஸ்டர். அந்தப் பெண் சொல்கிற கோடை விடுமுறையில் தன் மனைவிக்கு அறுவை சிகிச்சை, விடுமுறை முழுவதும் தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும் சொன்னார். மருந்துக்கடைக்காரி படத்தில் சொல்லியிருந்தது: 'விடுமுறையோட முதல் வாரம்.'

மாஸ்டரின் மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் இரண்டு நாள் பீரோவைக் குடைந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துவிட்டாள். பார்த்தால், விடுமுறை முழுவதும் இல்லை; பதினோரு நாள். ஆனால் அந்தப் பதினோரு நாள் சரியாக விடுமுறையின் தொடக்கத்தில் விழுந்தது.

"போச்சு," என்றாள் அக்கா. "இதை அந்தப் பொண்ணுகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது? கேட்டா, உன்னை நம்பலன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"கேக்காம விட்டா?" என்றாள் தம்பி மனைவி.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். கத்தரியும் கூடவே கிளம்பினான்.

மருந்துக்கடை கடைத்தெரு முனையில் இருந்தது. குறுகலான கடை, கூரை வரை அலமாரி. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரு பார்வையில் படித்து, ஏணியில் ஏறி, எண்ணிப் பத்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். இவர்களைப் பார்த்ததும் சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"நான் பொய் சொல்றேன்னு சொல்ல வந்தீங்களா மேடம்?"

 எத்தனையோ பெரிய மனிதர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்ட அக்கா, கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தரி முன்னால் வந்தான்.

"இல்லம்மா. தப்பு பண்ணினது நாங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன்," என்று மௌனத்தைச் செருகிய கதையை ஒன்று விடாமல் சொன்னான்.

நடுவில் ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். சர்க்கரை இல்லாததா என்று இரண்டு தடவை விசாரித்தார். அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று அட்டையில் எழுதி, படி பார்த்து இறங்கச் சொல்லி அனுப்பிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பேட்டி எடுத்த ரூம்ல அன்னிக்கு யார் யார் இருந்தீங்க?"

"நாங்க மூணு பேர், மாஸ்டர், அவர் பொண்ணு."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து, எங்கப்பா அப்படி உட்காரவே இல்லன்னு சொல்லியிருந்தா? நீங்க செஞ்ச வேலைக்கு என்னைத்தான் பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வாயத் திறந்திருக்கேன் சார். அதுல போய் விளையாடிட்டீங்களே."

கத்தரிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பல்பசை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம், முதல் வாரம்னு நானாவா சொன்னேன்?" என்று அவள் அக்காவிடம் கேட்டாள். "எப்போ, எப்போன்னு மூணு தடவை கேட்டீங்க. எனக்குத் தெரியலன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க விடல. சரி, முதல் வாரமா இருக்கும்னேன்."

அக்கா மெதுவாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். ஆமாம், அந்த இரண்டு 'தெரியல'வையும் வெட்டியது அவன்தான். தடுமாறாமல் பேசினால் அவள் சொல்வதில் பலம் கூடும் என்று நினைத்துச் செய்தான். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான்.

"எனக்கு ஒன்பது வயசு மேடம். தேதி தெரியாது. உள்ள தள்ளின கையும் இருட்டுல சரியாத் தெரியாது. குரல் அவரோடது. அது எனக்கு நிச்சயம். தெரியலன்னு சொன்ன இடத்துல தெரியலன்னே போடுங்க. அதுக்காக ஒருத்தர் என்னை நம்பலன்னா, நம்பாம போகட்டும்."

அக்கா மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கோம்மா," என்றாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கா? கை இப்படி நடுங்குது," என்று அக்காவை உட்காரவைத்து, கருவியை எடுத்துச் சுற்றினாள். கூடுதலாகத்தான் இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் உபதேசம் செய்த பிறகுதான் இருவரையும் வெளியே விட்டாள்.

அடுத்த பத்து நாள் மாடியறையில் வேலை நடந்தது. மௌனத்தை எடுத்தார்கள். நாலு நிமிடத்தில் இரண்டே கால் நிமிடம் மாஸ்டரே பேசினார். சாவியைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் திரையில் காட்டி, பதினோரு நாள் என்று எழுதினார்கள். மருந்துக்கடைக்காரியின் இரண்டு 'தெரியல'வும் திரும்பி வந்தன. அக்கா விடாமல் கேட்டதும் சேர்ந்தே வந்தது. தன் குரல் தனக்கே நாராசமாக இருக்கிறது என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். "எப்பவும் அப்படித்தான் இருக்கும், எங்களுக்குப் பழகிப்போச்சு," என்றான் தம்பி. முதுகில் ஒன்று விழுந்தது.

படத்தைக் கொடுக்கும் முன் மாஸ்டர் வீட்டுக்கும் போனார்கள். அவரைப் பற்றிச் சொல்லப்படுவதை அவர் பார்த்தாக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மௌனம் விவகாரத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கத்தரி செருப்பைக் கழற்றும்போதே விழித்தான். மனைவி அவனை முந்திக்கொண்டு மாஸ்டரிடம் நேராகச் சொல்லிவிட்டாள். மகளுக்குச் சுர்ரென்று வந்தது. "எங்கப்பாவை ஊமையாக்கப் பாத்தீங்களா?" என்று எழுந்தேவிட்டாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "இந்தம்மா சும்மா இருக்கச் சொன்னாங்க, இருந்தேன். இப்ப அவங்களே வந்து சொல்றாங்கல்ல, விடு," என்றார்.

படத்தை மடிக்கணினியில் போட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். தான் வரும் இடத்தில், "இவ்வளவா பேசறேன் நான்?" என்றார். "இது குறைச்சதுப்பா," என்றாள் மகள். கோபத்திலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரி பேசிய இடத்தில் மட்டும் அவர் மூச்சு விடும் சத்தம் மாறியது. வளர்ந்த பிறகு அவளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதுகு நீச்சல் நல்லா வரும் இந்தப் பொண்ணுக்கு," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "நான் பூட்டல. அதை எங்க வேணா சொல்வேன். ஆனா இந்தப் பொண்ணு அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. மோட்டார் ரூமுக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு. மோட்டாரை நிறுத்தச் சொன்னேனா, இல்லையான்னுதான்…" என்று நிறுத்திக்கொண்டார்.

 கேமரா பைக்குள் இருந்தது. மைக்கும் பைக்குள். கத்தரியின் விரல்கள் தொடையில் தானாகத் தாளம் போட்டன. ஏழு மாதம் இதைத்தானே தேடினான்.

"இதைக் கேமரா முன்னாடி சொல்றீங்களா மாஸ்டர்?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"அப்பா, யோசிச்சு சொல்லுங்க," என்றாள் மகள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறினார்கள். அப்புறம் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. இதுல எனக்கே தெளிவு இல்ல. தெளிவு இல்லாததைச் சொல்லி மாட்டிக்கவா?"

"சரி," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்து மூவரும் தெருமுனை வரை நடந்தார்கள். திரும்பியதும் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "ஐயோ, கையில வந்தது போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சைப் படத்தில் எந்த வடிவத்திலும் அவள் சேர்க்கவில்லை.

ஒளிபரப்புக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்ன அரங்கில் படத்தைப் போட்டார்கள். யாருக்கும் மூச்சு அடைக்கவில்லை. மாஸ்டர் பேசியபோது இரண்டு பேர் கொட்டாவி விட்டதைக் கத்தரி இருட்டிலும் பார்த்தான். முடிந்தபோது கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது. வாசலில் ஜனங்கள் கலையாமல் நின்று வாதாடினார்கள். "குரலை எப்படிய்யா மறக்க முடியும்?" என்றார் ஒருவர். "காவல்காரன் பூட்டியிருந்தா?" என்றார் இன்னொருவர். மாஸ்டர் வரவில்லை. அவர் மகள் வந்திருந்தாள். அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள். மருந்துக்கடைக்காரி கடைசி வரிசையில் கணவனோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "முழுசா சொன்ன மாதிரி இருக்கு," என்று மட்டும் சொன்னாள். பிறகு, உப்பைக் குறைத்துக்கொண்டீர்களா என்று அக்காவை அதட்டினாள்.

மூவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். பாதி நிழல் தம்பி தலையில் விழும்படி பிடித்திருந்தாள்.

"டேய், கேக்கணும்னு இருந்தேன். அவர் பூட்டினாரா? நீ என்ன நினைக்கிற?"

ஏழு மாதத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. "தெரியலக்கா," என்றான் அவன். "அந்த முகத்தை ஆயிரம் தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். சத்தியமா தெரியல."

"நான் அந்தப் பொண்ணை நம்பறேன்," என்றாள் மனைவி.

"நானும்தான்," என்றாள் அக்கா. "நம்பறேன். ஆனா காட்டறதுக்கு நம்பிக்கையைத் தவிர நம்ம கையில வேற என்ன இருந்துச்சு?"

பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. அக்கா முட்டி மோதி ஏறி, ஒரு இருக்கையைக் கைப்பையால் மறித்துக்கொண்டு, "வாடா, சீக்கிரம் வா," என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே போய் மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.